"ஸ்கூல் பாடத்தையே எடுங்க, போதும்": கணக்கு டியூஷன் தேடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

சென்ற மாதம் ஒரே வாரத்தில் மூன்று பெற்றோர் என்னிடம் பேசினார்கள். மூவருடைய பிள்ளைகளும் ஆறு முதல் எட்டு வரையான வகுப்புகளில் படிக்கிறார்கள். மூவரும் சொல்லிவைத்தாற்போல ஒரே வார்த்தையைச் சொன்னார்கள்: "டீச்சர், ஸ்கூல்ல இப்ப என்ன பாடம் நடக்குதோ அதையே எடுங்க, போதும்." பல வருடங்களுக்கு முன்னால் என் மகளுக்கு டியூஷன் தேடியபோது நானும் இதையேதான் சொன்னேன். அதனால் அவளுக்கு ஒரு முழு வருடம் வீணானது. இன்னொரு பிள்ளைக்கு அது நடக்கக் கூடாது என்பதற்காகத்தான் எழுதுகிறேன்.

கட்டணத்தை முதலிலேயே பேசிவிடுங்கள், நேரம் ஒத்துவருமா என்று பாருங்கள் என்பதையெல்லாம் யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. நேரே விஷயத்துக்கு வருகிறேன்.

பட்டத்தைப் பார்த்து ஆளை முடிவு செய்வது

கணக்கில் பெரிய பட்டம் வாங்கியவருக்கு ஆறாம் வகுப்புப் பின்னம் எப்போது புரிந்தது என்பதே மறந்து போயிருக்கும். ஒரு குழந்தை எங்கே தடுக்கி விழுகிறது என்று அவர் யோசித்தே இருக்க மாட்டார். அதனால் பட்டத்தைக் கேட்டுக்கொள்ளுங்கள், அதோடு இரண்டு கேள்விகளையும் கேளுங்கள்.

முதல் கேள்வி: "பின்னத்தால் வகுக்கும்போது ஏன் தலைகீழாக்கிப் பெருக்குகிறோம்? பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்குச் சொல்வது போல எனக்குச் சொல்லுங்கள்." நல்ல ஆசிரியர் உடனே ஒரு காகிதத்தை எடுப்பார். 3 மீட்டர் நாடாவை அரை மீட்டர் துண்டுகளாக வெட்டினால் எத்தனை கிடைக்கும் என்று கேட்டு, ஒரு மீட்டருக்கு இரண்டு, மூன்று மீட்டருக்கு ஆறு என்று வரைந்து காட்டுவார். "அது ரூல், அப்படித்தான் போடணும்" என்பவரிடம் உங்கள் பிள்ளை இன்னும் பத்து ரூல்களை மனப்பாடம் செய்யும், அவ்வளவுதான்.

இரண்டாவது கேள்வி: "உங்களிடம் படிக்கிற பிள்ளைகள் அடிக்கடி செய்கிற தப்பு எது?" உண்மையிலேயே பிள்ளைகளோடு உட்கார்ந்தவருக்கு இதற்குப் பதில் யோசிக்கவே நேரம் ஆகாது. 0.4ஐவிட 0.35 பெரியது என்று எழுதுவார்கள், 35 பெரிய எண்ணாகத் தெரிவதால், என்பார். "கவனக்குறைவுதான் காரணம்" என்று பொதுவாகச் சொன்னால் அவர் விடையை மட்டும்தான் பார்த்திருக்கிறார், பிள்ளையைப் பார்க்கவில்லை.

ஓட்டை எங்கே என்று தேடாமல் பாடத்தைத் தொடங்குவது

இதைப் பற்றித்தான் நிறையச் சொல்ல வேண்டும். இன்றும் யாராவது இதைச் செய்வதைப் பார்த்தால் எனக்குக் கோபம் வருகிறது.

என் மகள் ஏழாம் வகுப்பில் இருந்தபோது கணக்கில் 50க்கு 29 வாங்கினாள். ஒரு நல்ல ஆசிரியரை அமர்த்தினோம். பொறுமையானவர், நேரம் தவறாதவர், அவர் மேல் எனக்கு இன்றும் எந்தக் குறையும் இல்லை. பள்ளியில் நடக்கும் பாடத்தோடு கூடவே போங்கள் என்று சொன்னது நான். அவரும் அப்படியே செய்தார். அடுத்த தேர்வில் 38, அதற்கடுத்ததில் 41. நாங்கள் நிம்மதியாக இருந்தோம்.

எட்டாம் வகுப்பில் விகிதமுறு எண்களும் சமன்பாடுகளும் வந்தன. மார்க் 22க்கு இறங்கியது. ஒரு மாலை அவளோடு உட்கார்ந்து, எந்தப் புத்தகமும் இல்லாமல், 1/2 + 1/3 எவ்வளவு என்று கேட்டேன். தயங்காமல் 2/5 என்று எழுதினாள். மேலே இருப்பதை மேலே, கீழே இருப்பதைக் கீழே கூட்டிவிட்டாள். "சரி, 1/2 பெரிசா, 2/5 பெரிசா?" என்றேன். "1/2" என்றாள், சரியாக. "அரையோட இன்னும் கொஞ்சம் சேர்த்தோமே, அப்புறம் எப்படி அரையைவிடக் குறைஞ்சுது?" என்றேன். வெகுநேரம் அந்தக் காகிதத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு அழுதாள். பின்னம் என்பது ஓர் அளவு என்பதே அவளுக்குத் தெரிந்திருக்கவில்லை. அது மேலும் கீழுமாக எழுதிய இரண்டு எண்கள், அவ்வளவுதான். இந்த ஓட்டையோடு அவள் மூன்று வகுப்புகளைக் கடந்திருக்கிறாள். அதில் ஒரு வருடம் டியூஷனும் படித்திருக்கிறாள்.

அப்படியானால் மார்க் எப்படி ஏறியது? டியூஷனில் இரண்டு வாரம் ஒரே மாதிரிக் கணக்குகளைப் போட்டுப் பழகினால், மூன்றாவது வாரம் நடக்கும் தேர்வு வரைக்கும் கை நினைவு வைத்திருக்கும். தேர்வு முடிந்ததும் போய்விடும். பெற்றோராகிய நாம் அந்த மார்க்கைப் பார்த்து எல்லாம் சரியாகிவிட்டது என்று நம்புகிறோம். அதனால்தான் இந்தத் தவறு இவ்வளவு காலம் மறைந்தே கிடக்கிறது.

வேறு பாடத்தில் ஒரு பகுதி புரியாவிட்டால் பெரும்பாலும் அந்தப் பகுதியோடு போகும். கணக்கு அப்படி இல்லை. பின்னம் தெரியாமல் விகிதம் வராது, சதவீதம் வராது, விகிதமுறு எண் வராது. குறை எண்கள் தடுமாறினால் ஒவ்வொரு சமன்பாட்டிலும் தடுமாறும். அதிலும் ஆறு முதல் எட்டு வரையான வகுப்புகளில்தான் எண்கணிதம் இயற்கணிதமாக மாறுகிறது. பழைய ஓட்டைகள் எல்லாம் ஒன்றாகத் தெரியவரும் இடம் அது.

சமக்குறியையே எடுத்துக்கொள்ளுங்கள். 8 + 4 = □ + 5 என்று எழுதி, கட்டத்தில் என்ன வரும் என்று உங்கள் பிள்ளையைக் கேட்டுப் பாருங்கள். 12 என்று எழுதும் பிள்ளைகளை நான் ஏழாம் வகுப்பில்கூடப் பார்த்திருக்கிறேன். சிலர் எல்லாவற்றையும் கூட்டி 17 என்பார்கள். விடை 7. அவர்களுக்குச் சமக்குறி என்றால் "இனி விடையை எழுது" என்ற கட்டளை. இரண்டு பக்கமும் ஒரே மதிப்பு என்று அது சொல்வது அவர்களுக்குத் தெரியாது. அந்தப் பிள்ளையிடம் 2எக்ஸ் + 3 = எக்ஸ் + 7 என்று கொடுத்தால் அதற்கு என்ன அர்த்தம் இருக்க முடியும்? "அந்தப் பக்கம் போனா மைனஸ்" என்று ஒரு வித்தையைக் கற்றுக்கொள்ளும். அந்த வித்தையும் அடைப்புக்குறி வந்தவுடன் கைவிட்டுவிடும்.

ஆகவே ஆசிரியரிடம் நான் சொல்லச் சொல்வது இதுதான்: டியூஷனின் முதல் இரண்டு நாட்களில் பாடப்புத்தகத்தைத் திறக்க வேண்டாம். இப்போது படிக்கும் வகுப்புக்கு இரண்டு வகுப்பு கீழேயிருந்து ஏழெட்டுக் கேள்விகள் கேளுங்கள். நான் வழக்கமாகக் கேட்பவற்றில் பின்னக் கூட்டலும் சமக்குறிக் கட்டமும் 0.35, 0.4 ஒப்பீடும் கட்டாயம் இருக்கும். அப்புறம் −3 − 5. விடை −8. "மைனஸும் மைனஸும் ப்ளஸ்" என்று சொல்லிக்கொண்டே 8 எழுதும் பிள்ளைகள் ஏராளம். பெருக்கலுக்கான விதியைக் கழித்தலில் கொண்டுவந்து போடுகிறார்கள். விகிதத்துக்கு ஒன்று: 2 கிண்ணம் நீலத்துக்கு 3 கிண்ணம் மஞ்சள் கலந்தால் ஒரு பச்சை கிடைக்கிறது. அதே பச்சைக்கு 4 கிண்ணம் நீலத்துடன் எத்தனை மஞ்சள்? 5 என்று சொன்னால், "இரண்டு கூடிச்சு, இதிலும் இரண்டு கூட்டினேன்" என்று காரணமும் சொல்வார்கள். 6 என்று வருவதற்குப் பெருக்கி யோசிக்க வேண்டும். அந்த மாற்றம் அவர்களுக்கு இன்னும் நடக்கவில்லை.

ஒவ்வொரு விடைக்கும் பிறகு, சரியான விடைக்கும்கூட, "எப்படிப் போட்டே?" என்று கேட்க வேண்டும். தப்பான வழியில் சரியான விடைக்கு வந்த பிள்ளையை விடையை மட்டும் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது.

பள்ளியில் பாடம் அதற்குள் ஓடிவிடுமே என்று கேட்பீர்கள். நியாயமான பயம்தான். வகுப்பு நேரத்தில் மூன்றில் ஒரு பங்கைப் பள்ளிப் பாடத்துக்கு ஒதுக்குங்கள், மீதியை ஓட்டையை அடைக்க. முதல் தேர்வில் மார்க் ஏறாமல் போகலாம், கொஞ்சம் இறங்கவும் செய்யலாம். அப்போது நீங்கள் பதறி ஆசிரியரை மாற்றினால் எல்லாம் மறுபடியும் முதலிலிருந்து. என் அனுபவத்தில் இரண்டு மூன்று மாதம் பொறுத்தவர்கள் வருந்தியதில்லை.

தனிப் பயிற்சி என்றாலே பலன் நிச்சயம் என்று நம்புபவர்கள் 1984இல் அமெரிக்கக் கல்வி உளவியலாளர் பெஞ்சமின் புளூம் எழுதிய கட்டுரையைச் சுட்டிக்காட்டுவார்கள். தனிப் பயிற்சி பெற்ற சராசரி மாணவர், வழக்கமான வகுப்பில் படித்தவர்களில் 98 சதவீதம் பேரைவிட மேலே இருந்தார் என்று அதில் உண்டு. ஆனால் அங்கே கொடுக்கப்பட்ட பயிற்சியில் ஒவ்வொரு பகுதி முடிந்ததும் சோதித்து, தப்பைத் திருத்திவிட்டுத்தான் அடுத்ததற்குப் போனார்கள். அதை விட்டுவிட்டு "ஒருவருக்கு ஒருவர்" என்பதை மட்டும் எடுத்துக்கொண்டால் அந்தப் பலனை எதிர்பார்க்க முடியாது. மேலும் 2011இல் குர்ட் வான்லேன் என்ற ஆய்வாளர் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது தனிப் பயிற்சியின் பலன் புளூம் சொன்னதில் பாதியைவிடக் குறைவாகவே தெரிந்தது. பலன் உண்டு, நல்ல பலனே உண்டு. ஆனால் பக்கத்தில் ஓர் ஆளை உட்காரவைப்பதால் மட்டும் அது வருவதில்லை.

பேனா யார் கையில் என்று பார்க்காதது

சோதனை வகுப்பு ஒன்று நடக்கும்போது, நடுவில் ஒரு தடவை எட்டிப் பாருங்கள். பேனா ஆசிரியர் கையில் இருந்தால் அவர் கணக்குப் போட்டுக்கொண்டிருக்கிறார், பிள்ளை தலையாட்டிக்கொண்டிருக்கிறது. நோட்டைப் புரட்டிப் பார்த்தாலே தெரியும். ஒரு பையனின் பழைய டியூஷன் நோட்டு என்னிடம் வந்தது. நாற்பது பக்கம், அழகான எழுத்து, ஓர் அடித்தல் இல்லை. முக்கால்வாசி ஆசிரியருடைய கையெழுத்து. மீதியைப் பலகையைப் பார்த்து எழுதியிருந்தான். அதிலிருந்த கணக்கு ஒன்றையே மறுபடி கொடுத்தேன். முதல் வரிக்குமேல் போக முடியவில்லை. அடித்தலும் திருத்தலும் இருக்கும் நோட்டைப் பார்த்துச் சந்தோஷப்படுங்கள்.

ஹோம்வொர்க்கை முடித்துத் தரும் ஆசிரியர்

வேண்டாம்.

பிள்ளையைக் கேட்காமல் அமர்த்துவது

"மிஸ் பிடிச்சிருக்கா?" என்று கேட்டால் "ம்" என்று பதில் வரும், அதை வைத்து ஒன்றும் தெரிந்துகொள்ள முடியாது. "நீ தப்பா சொன்னா அவங்க என்ன பண்றாங்க?" என்று கேளுங்கள். "ஏன் அப்படி நினைச்சேன்னு கேக்கறாங்க" என்றால் நல்லது. "இதுகூடத் தெரியலையான்னு சொல்றாங்க" என்றால் அந்த ஆசிரியர் எவ்வளவு திறமைசாலியாக இருந்தாலும் நிறுத்திவிடுங்கள். பன்னிரண்டு, பதின்மூன்று வயதில் அவமானப்பட்ட பிள்ளை அதற்கப்புறம் சந்தேகமே கேட்காது.

கதவு

திறந்திருக்கட்டும். பெரியவர் ஒருவர் வீட்டில் இருக்கட்டும். ஆசிரியர் பிள்ளைக்குத் தனியாகச் செய்தி அனுப்ப வேண்டாம், பெற்றோரும் இருக்கும் குழுவில் அனுப்பட்டும். நல்ல ஆசிரியர் யாரும் இதற்குக் கோபித்துக்கொள்ள மாட்டார். இதைச் சொல்லச் சங்கடப்பட்டுச் சும்மா இருந்துவிடாதீர்கள்.

ஆன்லைன் வகுப்பில் முகத்தை மட்டும் காட்டுவது

கேமரா நோட்டைப் பார்க்க வேண்டும். பிள்ளை எந்த வரியில் நின்றுவிட்டது என்று ஆசிரியருக்குத் தெரியாவிட்டால் அது வெறும் வீடியோ பார்ப்பதுதான். பழைய செல்போன் ஒன்றை மேலிருந்து நோட்டைப் பார்க்கும்படி வைத்தாலே போதும்.

ஒரே மூச்சில் இரண்டு மணி நேரம்

ஒரு மணி நேரம், வாரத்தில் இரண்டு நாள்.

தேர்வுக்குப் பத்து நாள் முன்னால் தேடுவது

தேர்வு முடிந்தபின் தேடுங்கள்.

எல்லாவற்றுக்கும் டியூஷனே மருந்து என்று நினைப்பது

என்னிடம் வந்த ஒரு பெண் எண்களை மாற்றி மாற்றி எழுதுவாள். 6 இருந்த இடத்தில் 8, 3 இருந்த இடத்தில் 5. கவனம் இல்லை என்று வீட்டில் திட்டு. கண்ணைப் பரிசோதிக்கச் சொன்னேன். கண்ணாடி போட்டதும் பாதிப் பிரச்சினை தீர்ந்தது. வேறு சில பிள்ளைகளுக்கு எண்களின் அளவே மனதில் பதியாது; எவ்வளவு பழகினாலும் 7 பெரிதா 9 பெரிதா என்பதற்கு விரலை எண்ணுவார்கள். டிஸ்கால்குலியா என்று, எண்களைக் கற்பதிலேயே வரும் ஒரு சிரமம் உண்டு. அந்தச் சந்தேகம் வந்தால் குழந்தைகளின் கற்றல் சிரமங்களைக் கண்டறியும் நிபுணரிடம் காட்டுங்கள். அதை விட்டுவிட்டு டியூஷன் மேல் டியூஷன் வைப்பது அந்தப் பிள்ளைக்குச் செய்யும் அநியாயம்.

மாதக் கடைசியில் மார்க்கை மட்டும் கேட்பது

"இந்த மாசம் எந்தத் தப்பு நின்னுச்சு?" என்று ஆசிரியரிடம் கேளுங்கள். "முன்னாடி −3 − 5க்கு 8 எழுதுவான், இப்ப எண்கோட்டில் வரைஞ்சு பார்த்துட்டு −8 எழுதறான்" என்பது போல ஒரு பதில் வர வேண்டும். "நல்லா இம்ப்ரூவ் ஆகியிருக்கான்" என்பதைப் பதிலாக ஏற்காதீர்கள். எது என்று மறுபடி கேளுங்கள்.

அந்த மூன்று பெற்றோரிடமும் இதையெல்லாம் சொன்னேன். இருவர் யோசித்துச் சொல்கிறோம் என்றார்கள், இன்னும் கூப்பிடவில்லை. மூன்றாமவரின் மகன் இப்போது வருகிறான். எட்டாம் வகுப்பு. பாடப்புத்தகத்தை இன்னும் திறக்கவில்லை, பின்னங்களைக் காகிதப் பட்டைகளாக மடித்துக்கொண்டிருக்கிறோம். போன செவ்வாய்க்கிழமை பாதிப் பட்டையையும் மூன்றில் ஒரு பட்டையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துவிட்டு, நான் கேட்பதற்கு முன்னாலேயே, "டீச்சர், இது முழுசா ஆக இன்னும் ஆறில் ஒண்ணு வேணும்" என்றான்.