ஆர்டுயினோவில் டி.ஏ.சி இணைப்பது எப்படி: சப்ளையைத் தனியாகக் கொடுங்கள்

பல்லடம் பக்கம் எங்கள் சித்தப்பா தறிக்குடோனில் நூல் சுற்றும் மெஷினுக்கு வி.எஃப்.டி (மோட்டார் வேகத்தை மாற்றும் கருவி) மாட்டியிருக்கிறார். நூல் ரகத்துக்குத் தகுந்த மாதிரி வேகம் தானாக மாறினால் நல்லாயிருக்கும் சாமி என்றார். வேகத்தைச் சொல்ல வி.எஃப்.டி கேட்பது 0 முதல் 10 வோல்ட். ஆர்டுயினோ ஊனோ ஆர்3-இல் டி.ஏ.சி (எண்ணை வோல்டேஜாக மாற்றும் சிப்) கிடையாது, அதில் வருவது வெறும் பி.டபிள்யூ.எம் (வேகமாக ஆன்-ஆஃப் ஆகும் சிக்னல்). அதனால் எம்.சி.பி.4725 என்ற டி.ஏ.சி போர்டு வாங்கினேன். ஈ.எஸ்.பி.32 என்ற இன்னொரு போர்டில் உள்ளேயே டி.ஏ.சி இருக்கிறது, ஆனால் அது 8 பிட், 256 படிதான். 4725-இல் 4096 படி இருப்பதால் எனக்கு இதுதான் பிடிக்கும்.

வயரிங் சுலபம். டி.ஏ.சி போர்டின் எஸ்.டி.ஏ ஊனோவின் ஏ4-க்கு, எஸ்.சி.எல் ஏ5-க்கு, கிரவுண்ட் கிரவுண்டுக்கு. இந்த இரண்டு வயர் இணைப்புக்கு ஐ.டூ.சி என்று பெயர். அதில் சிப்பை அழைக்கும் முகவரி போர்டைப் பொறுத்து ஹெக்ஸில் 60 அல்லது 62 என்று வரும், ஐ.டூ.சி ஸ்கேனர் புரோகிராமை ஓட்டிப் பார்த்துவிட்டு லைப்ரரியில் அந்த எண்ணைப் போடுங்கள். மிச்சம் இருப்பது வி.சி.சி, அதாவது சப்ளை பின். இங்கே கொஞ்சம் நில்லுங்கள்.

நான் அதை ஊனோவின் 5 வோல்ட் பின்னிலேயே குத்தினேன். வீட்டு மேஜையில் அருமையாக ஓடியது. குடோனில் ரிலே இழுக்கும்போதெல்லாம் மோட்டார் வேகம் இறங்கி ஏறியது. ஷீல்டு வயர் மாற்றினேன், புரோகிராமைத் திரும்ப எழுதினேன், வி.எஃப்.டி செட்டிங்கைக்கூட மாற்றிப் பார்த்தேன், மூன்று ஞாயிற்றுக்கிழமை இதிலேயே போனது. கடைசியில் மல்டிமீட்டரை அந்த 5 வோல்ட் பின்னில் வைத்தபோதுதான் பிடிபட்டது: ரிலேயும் எல்.சி.டி-யும் சேர்ந்து இழுக்கும்போது 4.97 வோல்ட் 4.81-க்கு இறங்குகிறது. இந்த சிப்பில் தனி ரெஃபரன்ஸ் கிடையாது, கொடுக்கிற சப்ளைதான் அதற்கு அளவுகோல். 2048 என்று அனுப்பினால் 2.5 வோல்ட் வராது, சப்ளையில் பாதிதான் வரும். சப்ளை இறங்கினால் 2.485 வோல்ட் 2.405 ஆகிவிடும், அது கீழே சொல்லும் எல்.எம்.358-இல் இரண்டு மடங்காகி வி.எஃப்.டி-க்குப் போகும்போது 0.16 வோல்ட் குறைவு. 10 வோல்ட்டுக்கு 50 ஹெர்ட்ஸ் என்று வைத்திருந்தால் 0.8 ஹெர்ட்ஸ் போச்சு.

சரி, தீர்வு. 12 வோல்ட் அடாப்டரிலிருந்து டி.ஏ.சி-க்கு மட்டும் தனியாக ஒரு 78எல்05 (5 வோல்ட் ரெகுலேட்டர்) போடுங்கள். பெரிய 7805-ஐவிட எனக்கு இந்தச் சின்னதுதான் பிடிக்கும், ஆனால் பின் வரிசை 7805-க்கு நேர் தலைகீழ்: தட்டையான முகம் உங்களைப் பார்க்க, இடமிருந்து வலமாக அவுட்புட், கிரவுண்ட், இன்புட். அவுட்புட்டில் 1 கே ரெசிஸ்டருடன் ஒரு எல்.இ.டி வைத்தால் சப்ளை இருப்பது கண்ணுக்குத் தெரியும், ரெகுலேட்டருக்கும் கொஞ்சம் லோடு கிடைக்கும். டி.ஏ.சி பின்னுக்கு ஒட்டினாற்போல 0.1 மைக்ரோ ஃபாரட், பக்கத்திலேயே 10 மைக்ரோ ஃபாரட். ஊனோவுக்கும் அதே 12 வோல்ட்டை வின் பின்னில் கொடுங்கள். ஊனோவை மட்டும் யூ.எஸ்.பி-யில் போட்டு டி.ஏ.சி-யை ஆஃபில் விட்டால், எஸ்.டி.ஏ, எஸ்.சி.எல் வழியாகவே சிப்புக்குள் கரண்ட் ஏறும், அது நல்லதல்ல.

அப்புறம் 78எல்05 அவுட்புட்டை அளந்து அந்த எண்ணையே புரோகிராமில் எழுதுங்கள். எனக்கு 4.94 வந்தது. 2.5 வோல்ட் வேண்டுமென்றால் 2.5-ஐ 4.94-ஆல் வகுத்து 4096-ஆல் பெருக்க வேண்டும், 2073. கண்ணை மூடிக்கொண்டு 2048 போட்டிருந்தால் 2.47-தான் கிடைத்திருக்கும்.

டி.ஏ.சி தருவதை 10 வோல்ட் வரை உயர்த்த எல்.எம்.358 ஆப்-ஆம்ப் (சிக்னலைப் பெருக்கும் சிப்) போதும். 8-ஆம் கால் 12 வோல்ட், 4-ஆம் கால் கிரவுண்ட், டி.ஏ.சி அவுட்புட் 3-ஆம் காலுக்கு. 1-க்கும் 2-க்கும் நடுவே ஒரு 10 கே, 2-க்கும் கிரவுண்டுக்கும் நடுவே இன்னொரு 10 கே, இரண்டு மடங்கு ஆகிவிடும். 1-ஆம் கால் வி.எஃப்.டி-யின் அனலாக் இன்புட்டுக்கு, கிரவுண்டை அதன் காமனுக்கு. வி.எஃப்.டி மூடியைத் திறக்கும் முன் மெயினை அணைத்துவிட்டு, அதன் புத்தகத்தில் போட்டிருக்கும் நேரம் வரை காத்திருங்கள், உள்ளே கெப்பாசிட்டரில் சார்ஜ் நிற்கும்.

பிறகு சேர்த்தது: இதைப் பார்த்துச் செய்த சோமனூர் தம்பி ஒருவர், ஆன் செய்தவுடனே மோட்டார் பாதி வேகத்தில் கிளம்புகிறதே அண்ணா என்று கேட்டார். நான் இதை எழுதாமல் விட்டது தப்பு. டி.ஏ.சி சிப்பின் ஈ.ஈ.பிராமில் (கரண்ட் போனாலும் அழியாத நினைவகம்) கம்பெனியிலிருந்து வரும்போதே நடு அளவு பதிந்திருக்கும், புரோகிராம் ஓடத் தொடங்கும் முன்பே அது அவுட்புட்டில் வந்துவிடும். மோட்டாரை இணைக்கும் முன், லைப்ரரியில் வோல்டேஜ் போடும் கட்டளையின் இரண்டாவது இடத்தில் ‘உண்மை’ (true) என்று கொடுத்து, 0-வை ஒரே ஒரு தடவை எழுதிவிடுங்கள். அதற்கப்புறம் அந்த இடத்தில் எப்போதும் ‘பொய்’ (false) தான் இருக்க வேண்டும். லூப்புக்குள் ‘உண்மை’ இருந்தால் ஒவ்வொரு சுற்றிலும் ஈ.ஈ.பிராமில் எழுதிக்கொண்டே இருக்கும், அதற்கு ஆயுள் கணக்கு உண்டு.