போர்த்கைன்: கொஞ்சம் கார், மீதி நடை

வேல்ஸின் பெம்ப்ரோக்ஷயர் பக்கம் போகிறவர்கள் செயின்ட் டேவிட்ஸோடு திரும்பிவிடாதீர்கள். அங்கிருந்து ஃபிஷ்கார்ட் போகும் ஏ487 சாலையில் வந்து, க்ரோஸ்கோக்கில் இடதுபுறம் திரும்பினால் லான்ரியன் வழியாக போர்த்கைன் என்ற சின்னத் துறைமுகக் கிராமம். கடைசிப் பகுதி ஒடுக்கமான பாதை. எதிரே வண்டி வந்தால் ஒதுங்க இடம் பார்த்து மெதுவாக ஓட்டுங்கள்.

துறைமுகத்தை ஒட்டி உயர்ந்து நிற்கும் செங்கல் கட்டடங்களைக் கட்டாயம் பாருங்கள். உடைத்த கருங்கல்லைக் கப்பலேற்றும் வரை கொட்டிவைத்த தொட்டிகள் அவை. 1931-இல் அந்தத் தொழில் நின்றுபோனது.

காரை அங்கேயே விட்டுவிட்டு, கடலை வலப்பக்கம் வைத்துப் பாறை விளிம்புப் பாதையில் அபரெய்தி வரை நடங்கள். சுமார் 3 கிலோமீட்டர். கைவிடப்பட்ட ஸ்லேட் குவாரிக்குள் கடல் புகுந்து உண்டான நீலக் குளம் அங்கே இருக்கிறது; அதன் நிறத்துக்காகவே இந்த நடை தகும்.

இடையில் ட்ரைத் லிவின் கடற்கரைக்குச் செங்குத்தான படிகள் இறங்குகின்றன. ஓத அட்டவணை பார்க்காமல் இறங்காதீர்கள், நீரேறினால் மணல் முழுகிவிடும். பாதையில் வேலி கிடையாது. குழந்தைகளின் கையை விடவே கூடாது. பிடிமானமுள்ள காலணியும் காற்றுத் தாங்கும் மேலாடையும் கோடையிலும் வேண்டும்.