சிபோ: சிறுகுடல்ல பாக்டீரியா பெருகினா நாம பண்ற தப்புகள்

சாப்பிட்டு முக்கால் மணி நேரத்துல வயிறு டம்முனு ஏறிக்கும், ஏப்பம் வரும், சில நாள் தண்ணியா போகும், எங்க அத்தைக்கு இது அஞ்சு வருஷமா இருந்துச்சு. வாய்வுன்னு சொல்லி ஓமத்தண்ணி, சுக்கு காபின்னு மாத்தி மாத்தி குடுத்தோம், எப்பவோ எழுதிக் குடுத்த பான்டோப்ரசோல் மாத்திரையையும் தினமும் காலைல வெறும் வயித்துல தவறாம போட்டுட்டு இருந்தாங்க. கால் மரத்துப் போகுது, நடந்தா தள்ளாடுதுன்னு போனப்போதான் பி12 ரொம்ப கம்மின்னு தெரிஞ்சுது, அதுல நூல் பிடிச்சு போய்த்தான் சிறுகுடல்ல பாக்டீரியா பெருக்கம், அதாவது சிபோன்னு கண்டுபிடிச்சாங்க. அத்தைக்கு இருபது வருஷமா சுகர் இருக்கு, அதுக்கும் வயித்துக்கும் சம்பந்தம் இருக்கும்னு வீட்ல ஒருத்தருக்கும் தோணல. வேற யார் வீட்லயும் அஞ்சு வருஷம் வீணாகக் கூடாதுன்னுதான் இதை எழுதுறேன்.

முதல்ல என்ன நடக்குதுன்னு பார்த்துடலாம். பெருங்குடல்ல பாக்டீரியா கோடிக்கணக்குல இருக்கும், இருக்கவும் வேணும். ஆனா சுமார் 6 மீட்டர் நீளமுள்ள சிறுகுடல்ல ரொம்ப கம்மியாத்தான் இருக்கணும், ஏன்னா சாப்பாட்டுல உள்ள சத்தை உடம்பு எடுத்துக்கற இடம் அது. வயித்து அமிலமும் பித்தநீரும் கிருமியை கட்டுப்படுத்தும், சிறுகுடலும் பெருங்குடலும் சேர்ற இடத்துல ஒரு வால்வு இருக்கு, இதுக்கெல்லாம் மேல வயிறு காலியா இருக்கறப்போ ஒன்றரை மணியிலிருந்து ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை குடல் ஒரு அலை மாதிரி சுருங்கி மிச்சம் மீதியை எல்லாம் கீழ தள்ளி பெருக்கி விட்டுடும். இந்த பெருக்கற வேலை நின்னுட்டா அங்க பாக்டீரியா குடித்தனம் பண்ண ஆரம்பிச்சுடும், நமக்கு சேர வேண்டிய சாப்பாட்டை அது புளிக்க வச்சு கேஸ் ஆக்கிடும், பி12-ஐ தின்னுடும், பித்த உப்பை உடைச்சுடும், அதனால கொழுப்பு சரியா சேராம மலம் எண்ணெய்ப் பசையா மிதக்கும். ஆனா ஃபோலேட்ங்கற இன்னொரு பி வைட்டமினை மட்டும் அதுவே உண்டாக்கும், அதனால ரத்த ரிப்போர்ட்ல பி12 கம்மியா ஃபோலேட் ஜாஸ்தியா இருந்தா டாக்டர்கள் இதையும் சந்தேகப்படுவாங்க.

இப்போ தப்புக்கு வருவோம், என்னைக் கேட்டா எல்லாத்துக்கும் பெரிய தப்பு இதை ஒரு தனி வியாதின்னு நினைச்சு பாக்டீரியாவை கொன்னா போதும்னு நிறுத்திக்கறதுதான். சிபோ சும்மா வராது, பின்னாடி ஏதோ ஒரு காரணம் இருக்கும். ரொம்ப வருஷ சுகர்ல குடலை இயக்கற நரம்பு கெட்டுப் போயிருக்கலாம், பழைய வயித்து ஆபரேஷன்ல குடல் ஒட்டிக்கிட்டு இருக்கலாம், குடல் டிபி இல்லன்னா க்ரோன்ஸ்ங்கற நாள்பட்ட குடல் அழற்சி வந்து குடல் ஒரு இடத்துல சுருங்கியிருக்கலாம், நாள்பட்ட கணைய அழற்சி இருக்கலாம், தோலும் உள்ளுறுப்பும் இறுகிப் போற ஸ்க்ளீரோடெர்மா இருக்கலாம், தைராய்டு கம்மியா இருக்கலாம், கடுமையான வலிக்கு போடற ஓபியாய்டு (மார்ஃபின் வகை) மருந்தாக் கூட இருக்கலாம். 2008ல வந்த ஒரு இத்தாலி ஆய்வுல, ரிஃபாக்சிமின்ங்கற ஆன்டிபயாடிக் சாப்பிட்டு மூச்சு டெஸ்ட் நார்மல் ஆன 80 பேரை தொடர்ந்து பார்த்தாங்க, 3 மாசத்துல கிட்டத்தட்ட 13 சதவீதம் பேருக்கும், 9 மாசத்துல 44 சதவீதம் பேருக்கும் திரும்ப வந்துடுச்சு. வயசானவங்க, ரொம்ப நாளா அமிலத்தைக் குறைக்கற மாத்திரை போடறவங்களுக்கு அது இன்னும் ஜாஸ்தி.

அந்த மாத்திரை விஷயம் தனியா சொல்லணும். ஓமேப்ரசோல், பான்டோப்ரசோல் எல்லாம் நம்ம வீடுகள்ல கேஸ் மாத்திரைன்னே பேர் வாங்கிடுச்சு, ஆனா அது அமிலத்தைக் குறைக்கற மருந்து, கேஸை குறைக்காது. அமிலம் கம்மியானா சாப்பாட்டோட உள்ள போற கிருமி தப்பிச்சுடும், நாள்பட போட்டா பி12-உம் குறையலாம். அதுக்காக இதைப் படிச்சுட்டு இன்னைக்கே தூக்கிப் போட்டுடாதீங்க, அல்சர் இருந்தவங்க, ஆஸ்பிரின் சாப்பிடறவங்களுக்கு அது காவல், சட்டுனு நிறுத்தினா அமிலம் முன்ன விட ஜாஸ்தியா சுரந்து நெஞ்செரிச்சல் கொல்லும். இன்னும் வேணுமான்னு எழுதிக் குடுத்த டாக்டர்கிட்டயே கேளுங்க.

உப்புசம்னாலே சிபோன்னு முடிவு பண்றதும் தப்புதான். பெரியவங்க ஆனப்புறம் பால் ஜீரணம் ஆகாதவங்க நம்மள்ல நிறைய பேர், தினம் மூணு டம்ளர் காபி குடிச்சுட்டு வயிறு உப்புதுன்னா முதல்ல ஒரு வாரம் பாலை நிறுத்திப் பார்க்கலாம். சுகருக்கு போடற வோக்லிபோஸ் மாத்திரை மாவுச்சத்து சேர்றதைத் தடுத்துத்தான் வேலை செய்யுது, சேராத மாவு பெருங்குடலுக்குப் போய் கேஸ் ஆகும். மெட்ஃபார்மின் சிலருக்கு பேதியாக்கும், பி12-ஐயும் குறைக்கும். ஜியார்டியாங்கற குடல் ஒட்டுண்ணி, கோதுமை ஒத்துக்காத சீலியாக் நோய், இதெல்லாம் கூட இதே மாதிரிதான் ஆரம்பிக்கும். எடை குறையுது, மலத்துல ரத்தம், காய்ச்சல், ராத்திரி தூக்கத்தைக் கலைச்சு பேதி, ரத்த சோகை, இதுல ஒண்ணு இருந்தாக் கூட கைவைத்தியம் பண்ணிட்டு உக்காராதீங்க.

டெஸ்ட்ல நடக்கற தப்பு இன்னும் வேதனை. மூச்சு டெஸ்ட்ங்கறது குடல் கிருமி உண்டாக்கற கேஸை மூச்சுல அளக்கறது, அதுல 75 கிராம் க்ளூகோஸ் இல்லன்னா 10 கிராம் லாக்டுலோஸ் குடிக்க வச்சு கொஞ்ச கொஞ்ச நேரத்துக்கு ஒரு தடவை ஊதச் சொல்வாங்க, 90 நிமிஷத்துக்குள்ள ஹைட்ரஜன் 20 பிபிஎம் ஏறினா பாசிட்டிவ், மீத்தேன் எப்போ 10 பிபிஎம் தொட்டாலும் பாசிட்டிவ். முதல் நாள் ராத்திரி சாம்பார், கொண்டைக்கடலை சுண்டல்னு சாப்பிட்டுப் போனா ஆரம்ப அளவே ஏறியிருக்கும், டெஸ்டே வீண். முதல் நாள் வெள்ளை சாதம், முட்டை மாதிரி எளிசா சாப்பிட்டுட்டு 8லருந்து 12 மணி நேரம் பட்டினியா போகணும், காலைல வாக்கிங், சிகரெட் கூடாது, அதுக்கு முன்னாடி 4 வாரம் ஆன்டிபயாடிக் எடுத்திருக்கக் கூடாது. லாக்டுலோஸ்ங்கறது மலச்சிக்கலுக்கு குடிக்கற அதே சிரப்தான், குடல் வேகமா ஓடறவங்களுக்கு அது சீக்கிரமே பெருங்குடலை எட்டி பொய்யா பாசிட்டிவ் காட்டும், க்ளூகோஸோ மேல் குடல்லயே உறிஞ்சிடறதால கீழ இருக்கற பெருக்கத்தை விட்டுடும். ஆகவே பேப்பர்ல பாசிட்டிவ்னு போட்டா மட்டும் பத்தாது, ஆளையும் பார்க்கணும். இது நம்ம மண்ணுலயே தெரிஞ்ச சங்கதி, வெப்ப நாடுகள்ல சத்து சேராம பேதியாகற ட்ராபிகல் ஸ்ப்ரூங்கற நோய் பத்தி வேலூர் சிஎம்சில செல்வின் பேக்கர், வி.ஐ.மாத்தன் எல்லாம் ஆராய்ஞ்ச காலத்துல, 1972ல வந்த அவங்க குழுவோட ஆய்வுல, நோய் இல்லாத தென்னிந்தியர்கள் பல பேரோட மேல் சிறுகுடல்லயும் பாக்டீரியா இருந்துச்சு.

மருந்துல, மெடிக்கல் ஷாப்ல போய் பேதிக்கு ஏதாவது குடுங்கன்னு நார்ஃப்ளாக்சசின் டினிடசோல் வாங்கி ரெண்டு வேளை போட்டு நிறுத்தற பழக்கம் இருக்கே, அதை தயவு செஞ்சு விட்டுடுங்க. கிருமிக்கு மருந்து பழகிப் போகும், உண்மையான நோயும் மறைஞ்சுடும். டாக்டர்கள் நிறைய எழுதறது ரிஃபாக்சிமின், ரத்தத்துல ரொம்ப சேராம குடலுக்குள்ளயே வேலை செய்யும், வழக்கமா 550 மில்லிகிராம் தினம் 3 வேளை 14 நாள். விலை கொஞ்சம் ஜாஸ்திங்கறதால நாலு நாள்ல வயிறு லேசானதும் நிறுத்திடறாங்க, கட்டுப்படி ஆகலன்னா டாக்டர்கிட்ட வாய் விட்டு சொல்லுங்க, வேற மருந்தும் இருக்கு. மீத்தேன் ஜாஸ்தியா இருந்து மலச்சிக்கலும் இருந்தா அந்த கேஸை உண்டாக்கறது பாக்டீரியா கூட இல்ல, ஆர்க்கியான்னு வேற உயிர், அதுக்கு ரிஃபாக்சிமின் மட்டும் பல நேரம் பத்தாது, கூட இன்னொரு மருந்து சேர்ப்பாங்க.

சாப்பாட்டுல வெங்காயம், பூண்டு, கோதுமை, பருப்பு, பால்னு எல்லாத்தையும் மாசக்கணக்குல ஒதுக்கிட்டு எலும்பும் தோலுமா ஆனவங்களைப் பார்த்திருக்கேன். மெல்போர்ன் மோனாஷ் பல்கலைக்கழகம் உருவாக்கின ஃபாட்மேப் (குடல்ல சரியா சேராம புளிச்சு கேஸ் ஆகற மாவு, சர்க்கரை வகைகள்) குறைச்ச உணவு முறை கூட 2லருந்து 6 வாரம்தான் கடுமையா இருக்கணும், அப்புறம் ஒவ்வொண்ணா திரும்ப சேர்த்துப் பார்க்கணும், அது உப்புசத்தைக் குறைக்கும், ஆனா பாக்டீரியாவை ஒழிக்காது. பூண்டு வாசம் இல்லாம முடியலன்னா எண்ணெயில பூண்டைப் பொரிச்சு பூண்டை எடுத்துட்டு எண்ணெயை மட்டும் தாளிக்கலாம், வாய்வு பண்ற ஃப்ரக்டான் எண்ணெயில கரையாது. கூட்டுப் பெருங்காயம் பலதுல கோதுமை மாவு கலந்திருக்கும், சீலியாக் இருக்கறவங்க லேபிள் பாருங்க. கொறிக்கறதும் விஷயம்தான், மணிக்கு ஒரு தடவை டீ, பிஸ்கட்னு உள்ள போனா அந்த பெருக்கற அலை வரவே நேரம் இருக்காது. சாப்பாட்டுக்கு நடுவுல நாலு மணி நேரம் விடறது செலவில்லாத வழி, ஆனா இன்சுலின் போடறவங்க டாக்டர்கிட்ட கேட்டுட்டுத்தான் பண்ணணும்.

அத்தைக்கு ஒரு தடவை திரும்ப வந்துச்சு, ஏழாவது மாசம். அந்த தடவை போறப்போ வீட்ல இருந்த எல்லா மாத்திரை அட்டை, கர்ப்பப்பை ஆபரேஷன் பண்ணப்போ குடுத்த பழைய டிஸ்சார்ஜ் பேப்பர், மூணு மாச சுகர் சராசரி காட்டற ஹெச்பிஏ1சி, பி12 ரிப்போர்ட் எல்லாத்தையும் ஒரு மஞ்சப் பையில போட்டு எடுத்துட்டுப் போனோம். டாக்டர் ஒவ்வொரு அட்டையா எடுத்துப் பார்த்துட்டு முதல்ல வோக்லிபோஸை மாத்தினாங்க, பான்டோப்ரசோலை மெல்ல மெல்ல குறைச்சாங்க, பி12 ஊசியைத் தொடரச் சொன்னாங்க, அதுக்கு அப்புறம்தான் ஆன்டிபயாடிக்கே எழுதினாங்க.