சோலாரில் போட்ட முதல் எப்போது கைக்கு வரும்? கணக்கு பிழைக்கும் இடங்கள்

கூரையை அளக்காமல் விலை சொல்வது, பக்கத்து மாடியின் நிழலைக் கவனிக்காமல் விடுவது போன்றவற்றை முதல் வேலையிலேயே பட்டுத் தெரிந்துகொள்வீர்கள். அவற்றை விடுகிறேன். எங்களிடம் புதிதாகச் சேர்ந்த தம்பி ஒருவர், கொழும்பு வெள்ளவத்தையில் ஒரு கடைக் கட்டடத்தின் கூரைச் சோலாருக்கு, போட்ட முதல் திரும்ப எத்தனை வருடமாகும் என்று போட்ட கணக்கைப் போன கிழமை காட்டினார். தொழிலுக்கு வந்த புதிதில் நான் விட்ட அதே பிழை!

மொத்த பில்லை யுனிட்டால் வகுப்பது

பில் 10 லட்சம், பாவித்தது 20,000 யுனிட், ஆகவே யுனிட் 50 ரூபாய் என்று எழுதியிருந்தார். பெரிய கடைகளின் பில் அப்படி ஒரே விலையில் வருவதில்லை. உதாரணத்துக்கு, அந்தப் 10 லட்சத்தைப் பிரித்துப் பாருங்கள்: கே.வி.ஏ. கட்டணம் (கடை ஒரே நேரத்தில் இழுக்கும் ஆகக்கூடிய மின் அளவுக்கானது) 2 லட்சம், மாலை 6.30 முதல் இரவு 10.30 வரையான உச்ச நேரத்துக்கு 3 லட்சம். நள்ளிரவுப் பாவனைக்கு 50,000. பகலில் 12,500 யுனிட், 36 ரூபாய்ப்படி 4.5 லட்சம். சோலார் குறைப்பது இந்தக் கடைசித் தொகையை மட்டும்தான். 50 ரூபாயை வைத்து ஐந்து வருடத்தில் முதல் திரும்பும் என்று சொன்னால், 36 ரூபாயில் அது கிட்டத்தட்ட ஏழு வருடம்.

கே.வி.ஏ.யும் குறையும்தானே என்பார்கள். மாதத்தின் ஆகக்கூடிய 15 நிமிடப் பாவனைக்குத்தான் அந்தக் கட்டணம். எல்லா ஏ.சி.யும் ஓடும் ஒரு மத்தியானம் மழை இருட்டினால் போதும், பழைய அளவு மீற்றரில் ஏறிவிடும்.

புறக்கோட்டையில் ஒரு புடவைக்கடை முதலாளி என் கணக்கை நம்பி வங்கிக் கடன் எடுத்தார். நான் சொன்ன மாத மிச்சத்துக்குச் சரியாகத் தவணையை வைத்தார். மூன்றாம் வருடம் பில்களை ஃபைலோடு கொண்டுவந்து மேசையில் வைத்து, "தம்பி, நீங்க சொன்ன காசு எங்க?" என்று கேட்டார். மாதாமாதம் தவணைக்குக் குறைந்ததைக் கடைக் காசில் போட்டிருக்கிறார். அன்று என்னிடம் பதில் இல்லை. இன்றும் இதே வகுத்தலோடு குவட்டேஷன்கள் வரும்போது எனக்குக் கோபம் வருகிறது. 12 மாத பில்லையும் வாங்குங்கள், அதில் பகல் பாவனைக்கான தொகையை மட்டும் எடுங்கள்.

கட்டணம் ஏறிக்கொண்டே போகும் என்பது

மின் கட்டணம் 2023 பெப்ரவரியில் சராசரியாக 66 சதவீதம் ஏறியது. 2024 ஜூலையில் 22.5, 2025 ஜனவரியில் 20 சதவீதம் இறங்கியது. ஏறிய விலையில் கணக்குப் போட்டவர்களின் வருடங்கள் நீண்டுவிட்டன. இறங்கினால் என்ன ஆகும் என்று இன்னொரு கணக்கும் முதலாளிக்குக் காட்டுங்கள்.

பூட்டிய நாட்கள்

ஞாயிறு கடை பூட்டினால் சோலார் மின்சாரம் வெளியே, மின்சார வலையமைப்புக்குப் போகும். அப்படி வெளியே விற்கும் யுனிட்டுக்குத் தரப்படும் கொள்வனவு விலையைப் போடுங்கள், பில் விலையை அல்ல. 2025 சித்திரைப் புத்தாண்டு விடுமுறையில், பிற்பகல் 3 மணி வரை கூரைச் சோலாரை நிறுத்தி வைக்கும்படி மின்சார சபை கேட்டுக்கொண்டது. அந்த நேரத்து யுனிட்டுகளுக்குக் காசே இல்லை.

இன்வேர்ட்டர்

சோலார் மின்சாரத்தைக் கடையில் பாவிக்கும் மின்சாரமாக்கும் பெட்டி இது. 20 வருடக் கணக்கில் ஒரு தடவையாவது இதைப் புதிதாக மாற்றும் செலவு வேண்டும்.

கொழும்பு காலி வீதிக்குக் கடற்பக்கம்

கடல் உப்பும் காக எச்சமும் பனல்களில் படியும். கழுவும் கூலியை வருடச் செலவில் சேருங்கள்.