பக்கத்து வீட்டுப் பூனைகள் ஓடாமல் நின்றது எப்படி

பக்கத்து வீட்டு அக்காவிடம் இரண்டு பூனைகள். ஒன்று சாம்பல், இன்னொன்று மூவண்ணப் பெட்டை. இரண்டும் வெளியிலேயே வளர்ந்தவை. நான் கேட்டைத் திறந்தாலே மதில் தாண்டி ஓடிவிடும். 3 வாரம் இதே கதை.

முதலில் பால் வைத்தேன். சீண்டவே இல்லை. வளர்ந்த பூனைகள் பலவற்றுக்குப் பால் செரிக்காது என்று பிறகுதான் தெரிந்தது. அப்புறம் அக்காவிடம் கேட்டுக்கொண்டு, உப்புப் போடாமல் வேகவைத்து முள் எடுத்த மீன் கொடுத்தேன். வாசனைக்கு வந்தன, தட்டைக் கீழே வைத்ததும் ஓட்டம். குனிந்து கூப்பிட்டுப் பார்த்தேன், இன்னும் மோசம்.

ஒருநாள் தட்டு கையில் இல்லாமல் வாழையிலைத் துண்டில் வைத்தேன். ஓடவில்லை! எவர்சில்வர் தட்டு சிமெண்ட் தரையில் எழுப்பும் அந்த 'ணங்'தான் காரணம். நமக்கு அது ஒரு சத்தமே இல்லை. பூனைக்கோ, நமக்குக் கேட்காத உச்ச ஒலிகளும் கேட்கும். தட்டு தரையைத் தொடும் நொடியில் சாம்பலின் காதுகள் பின்னால் படிவதை எத்தனையோ முறை பார்த்தும் விட்டுவிட்டேன்.

அதன்பின் தினமும் மாலை 6:30க்கு இலையில் மீன். நான் படியில் பக்கவாட்டாகத் திரும்பி உட்கார்ந்துகொள்வேன். உற்றுப் பார்த்தால் அவற்றுக்கு அது மிரட்டல். கண் சந்தித்தால் மெதுவாக இமை மூடித் திறப்பேன். தினம் ஒரு சாண் இலையை என் பக்கம் நகர்த்தினேன். 11ஆம் நாள் பெட்டை என் விரலை மோந்து, கன்னத்தை உரசியது. அப்பாடா என்றிருந்தது. மேலிருந்து வரும் கை பயமுறுத்தும் என்பதால் தலையைத் தொடவில்லை, தாடையோரம் மட்டும் தடவினேன்.

சாம்பல் இன்னும் இரண்டடி தள்ளித்தான் சாப்பிடுகிறது. ஆனால் ஓடுவதில்லை.