பல்லுக்கு கேப் போடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

ரூட் கெனால் முடிந்து வலி போனதும் "இனி எதுக்கு கேப்?" என்று கிளம்பிவிடுபவர்கள்தான் அதிகம். நரம்பை எடுத்ததால் வலி போயிருக்கிறது. பல்லுக்குப் பலம் திரும்பவில்லை. சொத்தையைச் சுரண்டி, நடுவில் குழி தோண்டி அடைத்த கடைவாய்ப்பல்லில் மிஞ்சியிருப்பது சுற்றுச்சுவர் மட்டுமே. ஒரு சீடையை அழுத்திக் கடித்தால் அந்தச் சுவர் விலகிப் பிளக்கும். ஈறுக்கு மேலே உடைந்தால் பெரும்பாலும் காப்பாற்றிவிடலாம், வேருக்குள் விரிசல் இறங்கினால் பிடுங்க வேண்டியதுதான். முன்பல்லில் சேதம் குறைவாக இருந்தால் கேப் இல்லாமலும் காலம் தள்ளலாம். கடைவாய்ப்பல்லை அப்படி மாதக்கணக்கில் விடாதீர்கள்.

தள்ளிப்போட்டால் இன்னொரு சிக்கலும் உண்டு. கேப் நிலைத்து நிற்க, ஈறுக்கு மேல் சுற்றிலும் 1.5 முதல் 2 மி.மீ. உயரத்துக்காவது நல்ல பல் இருக்க வேண்டும். வண்டிச் சக்கரத்தை இரும்புப் பட்டா இறுக்குவதுபோல் கேப் கவ்விப் பிடிப்பது அந்தப் பகுதியைத்தான். அது உடைந்துபோன பிறகு வந்தால் வேருக்குள் போஸ்ட் எனும் சிறு கம்பியை வைப்பது, ஈற்றைக் குறைப்பது என்று வேலையும் செலவும் கூடும்.

எந்த கேப் என்பதைக் கடைசி நிமிடத்தில் முடிவு செய்யாதீர்கள். பொருளைப் பொறுத்துப் பல்லைத் தேய்க்கும் அளவு மாறும். உலோகத்தின் மேல் பீங்கான் பூசிய கேப்புக்குக் கடிக்கும் பரப்பில் 1.5 முதல் 2 மி.மீ. வரை தேய்ப்பார்கள், சிர்கோனியா எனும் உறுதியான பீங்கான் வகையில் முழுதாகச் செய்த கேப்புக்கு அதைவிடக் குறைவாகவே போதும். உலோக வகையில் மேல்பூச்சு பெயரலாம், வருடங்கள் கழித்து ஈறு ஓரத்தில் கறுப்புக்கோடு தெரியலாம். கவரிங் நகை போட்டால் அரிக்கிற உடம்பு என்றால் முன்கூட்டியே சொல்லுங்கள், பல கேப் உலோகங்களில் நிக்கல் உண்டு.

பல்லைத் தேய்ப்பதற்கு முன்பே நிறம் பார்த்துவிட வேண்டும். வாயைத் திறந்தபடி கொஞ்ச நேரம் இருந்தாலே பல் காய்ந்து, உள்ளதைவிட வெளுப்பாகத் தெரியும். முடிந்தால் ஜன்னல் வெளிச்சத்தில் பாருங்கள். பற்களை வெளுக்க வைக்கும் எண்ணம் இருந்தால் அதை முதலில் முடித்து, இரண்டு வாரம் விட்டு நிறம் தேர்ந்தெடுங்கள். கேப்பின் நிறத்தைப் பிறகு வெளுக்க முடியாது. ஈற்றில் ரத்தம் கசிந்தாலும் முதலில் அதைச் சரிசெய்ய வேண்டும். ரத்தமும் ஈரமும் இருக்கும்போது எடுத்த பல் அச்சில், கேப்பும் பல்லும் சேரும் ஓரம் தெளிவாக விழாது. கேப் கெட்டுப்போவது பெரும்பாலும் அந்த ஓரத்தில்தான் தொடங்கும்.

லேபிலிருந்து கேப் வர சில நாட்கள் முதல் இரண்டு வாரம் வரை ஆகலாம். அதுவரை இருக்கும் தற்காலிக கேப் கழன்றால், "எப்படியும் புதுசு வரப்போகுதே" என்று சும்மா இருந்துவிடக் கூடாது. பக்கத்துப் பற்கள் அந்த இடைவெளிக்குள் மெல்லச் சாயும், எதிர்ப்பல் இறங்கும். பிறகு சரியான அளவில் செய்து வந்த கேப்பும் உட்காராது. அந்தப் பக்கத்தில் கமர்கட், கடலை மிட்டாய் வேண்டாம். பல் இடுக்கைச் சுத்தம் செய்யும் ஃப்ளாஸ் நூலை மேலே இழுக்காமல் பக்கவாட்டில் உருவுங்கள். மஞ்சள் போட்ட குழம்பில் தற்காலிக கேப் மஞ்சளித்தால் பயப்பட வேண்டாம், அது பிளாஸ்டிக்தான்.

ஒட்டும் நாளில்தான் அவசரம் கூடாது. சிமென்ட் பிடித்த கேப்பைக் கழற்றுவதென்றால் பெரும்பாலும் வெட்டித்தான் எடுக்க வேண்டும். அதனால் ஒட்டும் முன் மூன்று விஷயங்களைப் பாருங்கள். பக்கத்துப் பல்லோடு சேரும் இடத்தில் ஃப்ளாஸ் நூல் லேசாகத் தடைபட்டு 'டக்'கென்று இறங்க வேண்டும். தாராளமாகப் போய்வந்தால் நாளைக்குக் கீரையும் இறைச்சி நாரும் அங்கேதான் சிக்கும். பிறகு கண்ணாடியில் நிறம். மூன்றாவது, மை பூசிய மெல்லிய தாளைக் கடிக்கச் சொல்லும்போது கேப்பில் மட்டும் அழுத்தமான புள்ளி விழுந்தால் அது உயரமாக இருக்கிறது. "போகப்போகப் பழகிடும்" என்று நீங்களே சொல்லிக்கொள்ளாதீர்கள். மரத்துப்போன வாயில் கடி சரியாகத் தெரியாது. மறுநாள் கடிக்கும்போது அந்தப் பல் முதலில் முட்டினால் திரும்பப் போய்ச் சொல்லுங்கள். தேய்த்துச் சரிசெய்யச் சில நிமிடங்கள்தான் ஆகும். சிர்கோனியாவைத் தேய்த்தால் மீண்டும் பாலிஷ் போடச் சொல்வதை மறக்காதீர்கள், சொரசொரப்பாக விட்டால் எதிர்ப்பல்லை அது அரைத்துவிடும்.

மரப்பு விலக இரண்டு முதல் நான்கு மணி நேரம் ஆகும். அதற்குள் சாப்பிட்டால் கன்னத்தையும் நாக்கையும் கடித்துக்கொள்வீர்கள். நரம்பு உயிரோடு இருக்கும் பல்லுக்கு கேப் போட்டால் சில வாரம் ஜில்லென்று கூசுவது வழக்கம். ஆனால் கூச்சம் வெகுநேரம் நீடித்தாலோ, இரவில் தானாக வலித்து எழுப்பினாலோ உள்ளே நரம்பு அழற்சி இருக்கலாம். வலி மாத்திரையில் நாளைக் கடத்தாதீர்கள்.

கேப் சொத்தையாகாது, அதற்குள் இருக்கும் பல் சொத்தையாகும். பத்து வருட வாரண்டி அட்டை பொதுவாக கேப் உடைந்தால் மட்டுமே செல்லும். அடியில் பல் கெட்டால் அதைக் காட்டிப் பயனில்லை. ஊக்கால் குத்தி ஈற்றைக் கிழிக்காமல், இடுக்குகளுக்கென்றே வரும் சிறு பிரஷ் வாங்கிக்கொள்ளுங்கள். இரவில் பல் கடிக்கும் பழக்கம் இருந்தால் தூங்கும்போது பல்லில் மாட்டும் நைட் கார்டு உறை தேவைப்படும். கொட்டைப்பாக்கும் நல்லி எலும்பும் கேப்புக்கு ஆகாதவை.

என்றாவது கழன்றால் சூப்பர் க்ளூ போட்டு ஒட்டாதீர்கள். கழுவி, சிறு டப்பாவில் போட்டு எடுத்துப் போங்கள். அதற்கு முன் உள்ளே ஒரு பார்வை பாருங்கள். சிமென்ட் மட்டும் இருந்தால், பல் நன்றாக இருக்கும்பட்சத்தில் அதையே திரும்ப ஒட்ட வாய்ப்புண்டு. பல்லின் துண்டும் சேர்ந்து வந்திருந்தால் அன்றே போய்க் காட்டுவது நல்லது.