கிளைடரில் ஊர் தாண்டும் முன்: வயலை முதலில் பாருங்கள்

மதுரையிலிருந்து திண்டுக்கல் நேர்கோட்டில் ஏறத்தாழ 50 கிலோமீட்டர். எஞ்சின் இல்லாத விமானமான கிளைடரைப் பழகுகிறவர்கள் ஆசைப்படும் வெள்ளிப் பேட்ஜ் என்ற தகுதிச் சின்னத்துக்குப் பறக்க வேண்டிய தூரமும் அதே 50தான். வெளியூர்ப் பயிற்சி முகாமுக்குக் கிளம்பும் நம் பக்கத்துப் பிள்ளைகள் என்னிடம், "தெர்மலை எப்படிண்ணே பிடிக்கிறது?" என்றுதான் முதலில் கேட்கிறார்கள். தெர்மல் என்பது கிளைடரை மேலே தூக்கும் சூடான காற்று. அதைத் தேடுவதை எப்போது விட வேண்டும் என்பதிலிருந்துதான் நான் தொடங்குவேன்.

ஏனென்றால் பெரிய தவறு அங்கேதான் நடக்கிறது. உயரம் குறைந்துகொண்டே வரும். "இன்னும் ஒரு சுற்று, கிடைத்துவிடும்" என்று மனசு சொல்லும். 2,000 அடிக்கு வரும்போதே இறங்கத் தோதான நிலத்தின் பக்கம் இருக்க வேண்டும். 1,500 அடியில் இன்ன வயல் என்று முடிவாகிவிட வேண்டும். 1,000 அடியில் இறங்குவதற்கான சுற்றைத் தொடங்கிவிட வேண்டும். அதன்பிறகு, ஏறுகிறோமா இறங்குகிறோமா என்று காட்டும் வேரியோமீட்டர் என்ன ஆசை காட்டினாலும் தெர்மல் தேடி வட்டமடிக்கக் கூடாது. தாழ்வாக, வேகம் குறைந்த நிலையில் திரும்பும்போது இறக்கை தாங்கவில்லை என்றால் கிளைடர் சுழன்று விழும். மீட்டெடுக்க உயரம் இருக்காது. வயலில் இறங்கினால் டிரெய்லரோடு வந்து அழைத்துப் போவார்கள், அவ்வளவுதான். அதற்கு வெட்கப்படுவதை இன்றே விட்டுவிடுங்கள்.

அடுத்து, எந்த வயல்? மேலிருந்து எல்லாமே பச்சைப் பாய் விரித்ததுபோல் தெரியும். சோழவந்தான் பக்கத்துத் தண்ணீர் நிற்கும் நெல் வயலும், அலங்காநல்லூர்க் கரும்புத் தோட்டமும் வேண்டாம். வற்றிய கண்மாய் சமதளமாகத் தெரிந்தாலும் உள்ளே சீமைக்கருவேலம் மண்டியிருக்கும். அறுவடை முடிந்த, அகலமான புஞ்சைதான் நல்லது. மின்கம்பி கண்ணுக்குத் தெரியாது, கம்பத்தைத் தேடுங்கள். இரண்டு கம்பம் தெரிந்தால் நடுவே கம்பி உண்டு என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

உயரம் காட்டும் ஆல்டிமீட்டரை நம்பி ஏமாறுவதும் உண்டு. கிளம்பும் இடத்தில் பூஜ்யம் வைத்தால் அது காட்டுவது அந்த இடத்துக்கு மேலான உயரம் மட்டுமே. திண்டுக்கல் மதுரையைவிட நூறு மீட்டருக்கு மேல் உயரத்தில் இருக்கிறது. மதுரையில் பூஜ்யம் வைத்துவிட்டு அங்கே கருவி 1,000 அடி என்று காட்டினால், தரை உண்மையில் 700 அடிக்கும் குறைவான ஆழத்தில்தான் இருக்கும். வயல் நெருங்கியதும் கண்ணால் அளவெடுங்கள்.

காற்றுக் கணக்கும் அப்படித்தான். ஏஎஸ்கே 21 மாதிரி ஒரு பயிற்சி கிளைடர் அசைவில்லாத காற்றில் 1 கிலோமீட்டர் இறங்குவதற்குள் சுமார் 34 கிலோமீட்டர் போகும். 90 கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது எதிர்க்காற்று 30 என்றால் அது 23 கிலோமீட்டராகச் சுருங்கிவிடும். வழியில் கீழிறங்கும் காற்றும் அகப்படும். அதனால் புதியவர்கள் புத்தகக் கணக்கில் பாதியை மட்டுமே நம்புவது நல்லது.

அப்புறம், தெர்மலுக்குள் ஏற்கெனவே ஒருவர் சுற்றினால் அவர் சுற்றும் திசையிலேயே நுழையுங்கள். கருவியையே பார்த்துக்கொண்டிருக்காமல் வெளியே பாருங்கள். தண்ணீர் குடிக்க மறக்காதீர்கள். தாகத்தில் புத்தி மந்தமாகும்.

முகாமுக்கு முன்பே பழக ஒரு வழி உண்டு. மேலூர் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து, கடந்துபோகும் ஒவ்வொரு வயலிலும் கம்பி எங்கே, சரிவு எந்தப் பக்கம், புகை எந்தத் திசையில் சாய்கிறது, இறங்கலாமா கூடாதா என்று அந்த வயல் பின்னால் மறைவதற்குள் சொல்லிப் பாருங்கள்.